எண்ணெய் கலங்குது, ஏறுதில்லை, கணக்கு இடிக்குது: விமானத்துக்கு எரிபொருள் ஏற்றும்போது வரும் கோளாறுகள்

கட்டுநாயக்க விமான நிலையத்திலோ இரத்மலானை விமான நிலையத்திலோ எரிபொருள் ஏற்றும் வேலைக்குப் புதிதாகச் சேருகிற தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கையேடு ஆங்கிலத்தில் இருக்கும், வேலைத்தளத்தில் பேச்சு சிங்களத்தில் நடக்கும். நடுவில் ஒரு கோளாறு வந்தால் எதை முதலில் பார்ப்பது என்று யோசிக்கவே நேரம் போய்விடும். அதனால் கண்ணுக்குத் தெரிகிற அறிகுறியில் தொடங்கிக் காரணத்துக்குப் போகிறேன். இங்கே சொல்லும் அளவுகள் உங்கள் நிறுவனக் கையேட்டில் வேறாக இருந்தால் கையேடுதான் சரி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் நாம் "பழுது" என்று சொல்வது பல நேரம் பழுதே இல்லை. பில்டர் அடைத்துக்கொள்வது, டெட்மனை (கையில் பிடித்திருக்கும்வரை மட்டும் எண்ணெயை ஓடவிடும் கைப்பிடியை) விட்டதும் ஓட்டம் நிற்பது, நொசில் (ஹோஸ் முனையில் விமானத்தோடு பூட்டும் வாய்) கழற மறுப்பது எல்லாம் எங்கேயோ ஒரு விபத்து நடந்தபிறகு யாரோ தலையைப் பிய்த்துக் கண்டுபிடித்து வைத்த தடுப்புகள். தடுப்பு வேலை செய்கிற நேரம் பார்த்து அதைச் சுற்றிப் போக வழி தேடினால் நாம்தான் கோளாறு. "எப்படி ஓட வைப்பது" என்று கேட்காமல் "எது இதை நிறுத்தியது" என்று கேட்டுப் பழகுங்கள்.

சாம்பிள் போத்தலில் எண்ணெய் கலங்கித் தெரிகிறது

நல்ல ஜெட் ஏ-1 (ஜெட் விமான எரிபொருள்) தண்ணீர் மாதிரி நிறமில்லாமலோ, இளவைக்கோல் நிறத்திலோ இருக்கும். போத்தலுக்குப் பின்னால் அச்செழுத்தைப் பிடித்தால் தெளிவாக வாசிக்கலாம். எழுத்து மங்கினால் இரண்டு காரணம்தான்: காற்று, அல்லது தண்ணீர்.

பதற வேண்டாம். போத்தலை வெளிச்சத்தில், சமதளத்தில் வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். கலங்கல் அடியிலிருந்து தெளிந்துகொண்டு மேலே ஏறினால் அது காற்று. குமிழிகள் மேலே போய்க்கொண்டிருக்கின்றன. சாம்பிளை வேகமாகத் திறந்து பிடித்தால் இப்படித்தான் வரும். மேலிருந்து தெளிந்துகொண்டு கலங்கல் அடிக்கு இறங்கினால் அது தண்ணீர். போத்தலை மெதுவாகச் சுழற்றினால் அடிப்பக்க நடுவில் சிறு துளிகள் ஒன்றுசேர்ந்து ஒரு முத்தாக உருளும். அதைப் பார்த்தபிறகு வாதத்துக்கு இடமில்லை.

கண்ணுக்குத் தெரியாத தண்ணீருக்குத்தான் ஷெல் வோட்டர் டிடெக்டர் என்கிற கெப்சியூல். ஊசிக்குழாயின் முனையில் பொருத்தி 5 மில்லிலீற்றர் எண்ணெயை உறிஞ்சினால், உள்ளேயிருக்கும் மஞ்சள் தாள் தண்ணீர் பட்ட இடத்தில் பச்சையாகும். எண்ணெயில் கரையாமல் நிற்கிற தண்ணீர் 30 பிபிஎம்மை (பத்து இலட்சத்தில் 30 பங்கை) தாண்டக்கூடாது என்பது பொதுவான எல்லை. அந்த அளவில் பச்சை தெளிவாகத் தெரியும். கெப்சியூல் டியூபின் மூடியைத் திறந்துவைத்துவிட்டுக் கதை அளந்துகொண்டிருந்தால் கொழும்புக் காற்றின் ஈரமே அதைக் கெடுத்துவிடும். காலாவதித் திகதியையும் பாருங்கள். எண்ணெயைத் திட்டும் முன் கெப்சியூலைச் சந்தேகப்படுவது தப்பில்லை. புதியதொன்றில் திரும்பச் செய்து பாருங்கள். அதுவும் பச்சை என்றால் நிறுத்துங்கள்.

அடுத்த கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது. நம்மூரில் மூன்று இடம். முதலாவது மழை: பவுசரின் (எண்ணெய் கொண்டுவரும் தாங்கி லொறியின்) மேல்மூடி றப்பர் தேய்ந்திருந்தால், ஒரு பின்னேர மழை போதும். இரண்டாவது, பவுசரைப் பாதியாக நிறுத்திவைத்த இரவு: தாங்கி மூச்சுவிடுகிறது, பகலில் காற்றை வெளியே தள்ளுகிறது, இரவில் ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறது. மூன்றாவது எண்ணெயிலேயே கரைந்திருக்கும் தண்ணீர். 30 பாகை செல்சியஸ் சூட்டில் மண்ணெண்ணெய் வகை எரிபொருள் சுமார் 80 பிபிஎம் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். சூடு குறையக் குறைய அதை வெளியே விடும். கப்பலில் இருந்து இறங்கினாலும், சப்புகஸ்கந்தவில் சுத்திகரித்தாலும் இந்தத் தண்ணீரிலிருந்து தப்ப முடியாது.

"கொஞ்சத் தண்ணிதானே" என்று யாராவது சொன்னால், 2008 ஜனவரி 17ஆம் திகதி ஹீத்ரோவில் ஓடுபாதைக்குச் சற்று முன்னாலேயே தரையில் விழுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 777ஐச் சொல்லுங்கள். பீஜிங்கிலிருந்து வந்த நீண்ட பயணத்தில் எண்ணெய் –34 பாகைவரை குளிர்ந்தது. சாதாரணமாக எந்த எரிபொருளிலும் இருக்கிற அளவு தண்ணீர்தான் பனிக்கட்டியாகி, எண்ணெய் சூடேற்றும் பகுதியின் வாயை அடைத்தது. இரண்டு எஞ்சினும் உந்துவிசை இழந்தன. அனுமதித்த அளவுக்குள் இருந்த தண்ணீரே அவ்வளவு செய்தது.

செய்யவேண்டியது: பவுசரை நிரப்பியபின் குறைந்தது 10 நிமிடம் அசைக்காமல் அடைய விடுங்கள். அடி வால்வையும் பில்டரின் சம்ப்பையும் (அடியில் தண்ணீர் தேங்கும் குழியையும்) வடியுங்கள். சாம்பிள் தெளியும்வரை திரும்ப வடியுங்கள். பலமுறை வடித்தும் தெளியவில்லை என்றால் அந்தப் பவுசரை ஒதுக்கிவைத்து, நிரப்பிய தாங்கிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

சாம்பிளில் கறுப்புத் தூள், மண்ணிறம், அல்லது வழுவழுவென்று ஏதோ ஒன்று

வெள்ளை எனாமல் வாளியில் ஊற்றிச் சுழற்றுங்கள். செம்மண் நிறத் துகள் துரு. தாங்கி, குழாய்ப் பக்கம் பாருங்கள். மினுக்கமில்லாத கறுப்புத் துகள் பெரும்பாலும் ஹோஸின் உட்பக்க றப்பர் உரிவது. ஹோஸை மடிந்த இடங்களில் அமுக்கிப் பாருங்கள், மெத்தென்று இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

வழுவழுப்புக்குக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். எண்ணெய்க்கும் அடித்தண்ணீருக்கும் நடுவே பழுப்புச் சவ்வு மாதிரி மிதந்தால், போத்தல் சுவரில் ஒட்டினால், அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், அது உயிருள்ளது. ஹோர்மோகோனிஸ் ரெசினே என்கிற பூஞ்சை இதில் பேர்போனது. அது எண்ணெயைச் சாப்பிட்டு, தண்ணீரில் குடியிருக்கும். அதற்குப் பிடித்த சூடு 25 முதல் 35 பாகைவரை. கொழும்பின் வருடம் முழுவதற்கும் அதுதான் சூடு. குளிர்நாட்டுக் கையேடுகளில் இந்தப் பகுதி சின்னதாகத்தான் இருக்கும், நமக்குப் போதாது.

விமானத்துக்குள் இது போனால் இறக்கைத் தாங்கியின் அலுமினியத்தை அரிக்கும், அளவுகாட்டும் புரோப்களில் படர்ந்து காட்டியைத் தாறுமாறாக ஆடவைக்கும். விமான எஞ்சினியர் "கேஜ் குழம்புது" என்று சொன்னால், அவர் கேட்காவிட்டாலும் உங்கள் சேமிப்புத் தாங்கியின் அடிச்சாம்பிளைப் பாருங்கள். சேமிப்புத் தாங்கியின் அடியைக் கூம்பாகச் செய்து நடுவில் சம்ப் வைத்ததும், எண்ணெயை மேற்பரப்புக்குக் கிட்ட இருந்தே எடுக்கிற மிதக்கும் உறிஞ்சுகுழாயைக் கண்டுபிடித்ததும் இதற்காகத்தான். அந்தக் குழாயின் மிதவை கீழே சிக்கிக்கொண்டால் நல்ல தாங்கியும் அழுக்கு எண்ணெய் தரும். மிதவையை அசைத்துப் பார்க்கும் கேபிள் எதற்கு என்று இப்போது புரியும்.

பூஞ்சைக்கு மருந்து இருக்கிறது. ஆனால் மருந்து போடுவது எஞ்சினியரின் வேலை, அதுவும் அளவு பார்த்து. 2020 பெப்ரவரியில் கட்விக்கிலிருந்து கிளம்பிய ஒரு ஏ321இன் இரண்டு எஞ்சினும் மேலே ஏறியவுடன் தடுமாறின. உடனே திரும்பி இறங்கினார்கள். பராமரிப்பின்போது கிருமிநாசினியின் அளவுக் கணக்குப் பிழைத்து, போடவேண்டியதைப்போல் 38 மடங்கு போட்டிருந்தார்கள். அந்த மருந்தை அதன் உற்பத்தியாளர் அதே ஆண்டு விமானப் பயன்பாட்டிலிருந்து விலக்கிக்கொண்டார்.

பில்டரின் டிபி ஏறுகிறது, அல்லது திடீரென்று இறங்குகிறது

டிபி என்று நாம் சொல்வது பில்டருக்குள் நுழையும் அழுத்தத்துக்கும் வெளியேறும் அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம். வாரக்கணக்கில் மெதுவாக ஏறினால் அழுக்குச் சேர்கிறது. அதற்குத்தான் பில்டர் இருக்கிறது. எல்லையைத் தொடும் முன் எலிமென்டை (உள்ளேயுள்ள வடிகட்டும் பகுதியை) மாற்றவேண்டும். ஒரே நாளில் ஏறினால் பில்டரைக் குறைசொல்லாதீர்கள், மேலே இருந்து ஏதோ வந்திருக்கிறது. தண்ணீரா துருவா என்று சம்ப்பில் பாருங்கள்.

திடீரென்று இறங்கினால்தான் பயப்படவேண்டும். "டிபி குறைஞ்சிட்டுது, நல்லது" என்று சந்தோஷப்படுகிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அதே ஓட்டத்தில் டிபி 5 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) இறங்கினால், உள்ளே எலிமென்ட் கிழிந்திருக்கலாம், அல்லது இருக்கையை விட்டு எழும்பியிருக்கலாம். எண்ணெய் வடிகட்டப்படாமல் நேரே போகிறது. நிறுத்தி, திறந்து பார்க்கும்வரை அந்தப் பவுசர் ஓடக்கூடாது. பாதி ஓட்டத்தில் எடுத்த டிபியையும் முழு ஓட்டத்தில் எடுத்ததையும் ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். புத்தகத்தில் ஓட்டத்தையும் சேர்த்து எழுதினால்தான் டிபிக்கு அர்த்தம்.

இன்னொரு கேஸ்: டிபி சரி, கெப்சியூல் பச்சை. இது பில்டர் செப்பரேட்டரில் நடக்கும். அதன் முதல் எலிமென்ட் கண்ணாடி இழையால் ஆனது. நுண்துளிகளை ஒன்றுசேர்த்துப் பெரிய துளியாக்கும், அது கனத்தில் சம்ப்புக்கு விழும். சோப்புத்தன்மையுள்ள ஏதாவது எண்ணெயில் கலந்திருந்தால் துளிகள் ஒன்றுசேரவே மாட்டா. பில்டர் பார்க்க நல்லாயிருக்கும், தண்ணீரை மட்டும் விட்டுவிடும். குழாய் கழுவிய சலவைத் திரவத்தைச் சந்தேகப்படுங்கள்.

பழைய மொனிட்டர் வகை பில்டர் வேறு மாதிரி. அதற்குள் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கும் பொலிமர் இருந்தது. தண்ணீர் வந்தால் தானே அடைத்துக்கொள்ளும். மிகக் கெட்டிக்காரக் கண்டுபிடிப்பு என்று எல்லாரும் நம்பினார்கள். 2010 ஏப்ரல் 13ஆம் திகதி சுரபாயாவிலிருந்து ஹொங்கொங் போன கத்தே பசிபிக் ஏ330இல் அந்த நம்பிக்கை உடைந்தது. சுரபாயாவில் நிலத்துக்கு அடியால் எண்ணெய் கொண்டுவரும் ஹைட்ரன்ட் குழாய்க்குள் உப்புத்தண்ணீர் புகுந்திருந்தது. உப்புத்தண்ணீரில் பொலிமர் ஒழுங்காக வேலைசெய்யாமல், நுண்ணிய உருண்டைகளாக எண்ணெயோடு விமானத்துக்குள் போய், எஞ்சினின் எரிபொருள் அளவிடும் வால்வுகளை இறுக்கிப் பிடித்தது. ஒரு எஞ்சின் உயர்ந்த வேகத்திலேயே நின்றுவிட, விமானிகள் 230 நொட் அளவு வேகத்தில் தரையிறக்கினார்கள். பிறகு தொழில்துறை அந்தப் பொலிமரையே கைவிட்டது. இப்போது தண்ணீரைத் தான் உறிஞ்சிக்கொள்ளாமல் வெளியே தடுத்து நிறுத்துகிற பில்டர்களும், எலெக்ட்ரோனிக் சென்சர்களும் அதன் இடத்துக்கு வந்திருக்கின்றன. நீர்கொழும்புக் களப்பு கூப்பிடு தூரத்தில் இருக்கிற நமக்கு, ஹைட்ரன்ட் பிட்டுக்குள் (அந்தக் குழாயின் வாய் இருக்கும் தரைக்குழிக்குள்) தேங்கும் மழைத்தண்ணீரை இறைப்பது ஏன் சில்லறை வேலை இல்லை என்பதற்கு இந்தக் கதை போதும்.

எண்ணெய் மெதுவாக ஏறுகிறது, அல்லது ஏறவே இல்லை

முதலில் விமானத்தின் பக்கம் பாருங்கள். தாங்கி நிரம்பும் தறுவாயில் வால்வுகள் ஒவ்வொன்றாக மூடும்; ஓட்டம் குறைவது இயல்பு. பேனலில் எந்த வால்வு திறந்திருக்கிறது, எவ்வளவு செட் செய்திருக்கிறது என்று கேளுங்கள். அங்கே எல்லாம் சரி என்றால் டெட்மன்: கையில் இறுக்கமாகப் பிடித்திருக்கிறீர்களா, அல்லது கேபிளோ காற்றுக்குழாயோ கசிகிறதா. அப்புறம் ஹோஸ் முனையிலுள்ள அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு. விமானத்தின் வாயில் அழுத்தம் 50 பிஎஸ்ஐயைத் தாண்டக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது இந்த வால்வுதான். எதிரழுத்தம் கூடினால் அது தானே ஓட்டத்தைக் குறைக்கும். ஆக, ஓட்டம் குறைந்தும் கேஜ் 50ஐ ஒட்டி நின்றால் வால்வு நல்லாத்தான் இருக்கிறது. ஓட்டமும் இல்லை, அழுத்தமும் இல்லை என்றால்தான் பம்பு, ஹைட்ரன்ட் பிட், அடைத்த பில்டர் என்று பின்னோக்கிப் போகவேண்டும்.

டெட்மன் கைப்பிடியை டேப்பால் சுற்றிக் கட்டிவிட்டு நிழலில் போய் நிற்பதைப் பற்றி ஒன்றும் எழுத விரும்பவில்லை. அதைச் செய்கிறவனிடம் ஹோஸைக் கொடுக்கக்கூடாது.

நொசில் திறக்கவில்லை, அல்லது கழறவில்லை

இறக்கைக்கு அடியில் பூட்டும் நொசில், விமானத்தின் அடப்டரில் மூன்று காதுகளில் சரியாக உட்காராவிட்டால் கைப்பிடி திறக்காது, திறந்திருக்கும்போது கழறாது. பலத்தைக் காட்டாதீர்கள். திறக்கவில்லை என்றால் கழற்றி, அடப்டரின் காதுகளைக் கையால் தடவிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் விமான எஞ்சினியரைக் கூப்பிட்டுத் தேய்மான அளவுகோலால் பார்க்கச் சொல்லுங்கள். கழறவில்லை என்றால் கைப்பிடி முழுதாக மூடியிருக்கிறதா, ஹோஸ் இழுபட்டு நிற்கிறதா என்று பாருங்கள். ஹோஸ் அடப்டரிலிருந்து நேராகத் தொங்கவேண்டும், பக்கவாட்டில் இழுக்கக்கூடாது. 2001 செப்டம்பர் 5ஆம் திகதி டென்வரில் ஒரு 777க்கு எண்ணெய் ஏற்றும்போது ஹோஸ் இறக்கையிலிருந்து பிரிந்து தீப்பிடித்தது. எண்ணெய் ஏற்றிக்கொண்டிருந்தவர் இறந்துபோனார்.

இறக்கை நுனியிலிருந்து எண்ணெய் கொட்டுகிறது

டெட்மனை விடுங்கள், பேச்சு அதற்குப் பிறகு. ஏற்றும்போது கொட்டினால், தாங்கி நிரம்பியதும் மூடவேண்டிய வால்வு மூடவில்லை. ஏற்றி முடித்து நேரம்கழித்து, உச்சி வெயிலில் கொட்டினால் அது விரிவு: ஜெட் எண்ணெய் ஒரு பாகை சூட்டுக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் பெருக்கும். 20,000 லீற்றர் 10 பாகை சூடானால் 200 லீற்றர் கூடுகிறது; தாங்கி ஏற்கனவே விளிம்புவரை என்றால் அதற்குப் போக வேறு வழியில்லை. எந்தக் காரணமானாலும் தீயணைப்புக்குச் சொல்லி, சுற்றியுள்ள வாகனங்களை ஸ்டார்ட் பண்ணாமல் தடுத்துவிட்டுத்தான் காரணம் தேடவேண்டும்.

பவுசர் மீற்றரும் விமானத்தின் கேஜும் ஒத்துப்போகவில்லை

மீற்றர் லீற்றரில் பேசும், விமானி கிலோவில் பேசுவார். நடுவில் அடர்த்தி. 15 பாகையில் 0.800 உள்ள எண்ணெய், நம் வெயிலில் 30 பாகையில் சுமார் 0.789க்கு இறங்கிவிடும். 20,000 லீற்றரில் அது 220 கிலோ வித்தியாசம். முதலில் இதைக் கணக்கில் எடுங்கள். சண்டை பாதி அடங்கிவிடும். அதற்கும் மேல் வித்தியாசம் என்றால் மீற்றர் பூச்சியத்தில் தொடங்கியதா, ஏற்கனவே தாங்கியில் எவ்வளவு இருந்தது, விமானம் சரிந்து நிற்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். கேஜே வேலை செய்யவில்லை என்றால் இறக்கைக்கு அடியில் இழுத்துப் பார்க்கும் குச்சி இருக்கிறது, அதை எஞ்சினியர் பார்ப்பார்.

அலகு மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு 1983 ஜூலை 23ஆம் திகதி கனடாவில் நடந்ததைப் படியுங்கள். ஏர் கனடா 767இன் கேஜ்கள் வேலை செய்யவில்லை. தேவை 22,300 கிலோ, தாங்கியில் இருந்தது 7,682 லீற்றர். ஒரு லீற்றருக்கு 0.8 கிலோ என்று கணக்கிடாமல் 1.77 என்று கணக்கிட்டார்கள்; 1.77 என்பது இறாத்தல். அதனால் 20,088 லீற்றர் ஏற்றவேண்டிய இடத்தில் 4,917 லீற்றர் ஏற்றினார்கள். நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்று, கிம்லி என்ற இடத்தில் பழைய விமானப்படை ஓடுபாதையில் சறுக்கி இறக்கினார்கள். ரசீதில் அடர்த்தியை எழுதும்போது அலகையும் எழுதச் சொல்லி சுப்பவைசர் நச்சரிப்பது இதற்காகத்தான்.

இரத்மலானை: நிறம் சரியில்லை, வாசம் சரியில்லை

அங்கே சின்ன விமானங்கள். பிஸ்டன் எஞ்சினுக்கு அவ்காஸ் (விமானப் பெற்றோல்), டர்பைனுக்கு ஜெட் ஏ-1. அவ்காஸ் 100எல்எல் நீலம். நீலம் வெளிறியிருந்தால் கலப்படத்தைச் சந்தேகப்படுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு துளி விடுங்கள்: அவ்காஸ் தடமில்லாமல் ஆவியாகும், ஜெட் எண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய் வளையம் மிஞ்சும். ஜெட் நொசிலின் வாயைத் தட்டையாக, அகலமாகச் செய்தது அவ்காஸ் தாங்கியின் வட்டத் துளைக்குள் அது நுழையக்கூடாது என்றுதான். "இது நுழையுதில்லை, வட்ட வாயை மாட்டுவோமா?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்லும் முன் தாங்கி மூடியிலுள்ள ஸ்டிக்கரை வாசியுங்கள். பிழையான எண்ணெயோடும் பிஸ்டன் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், குழாயில் மிச்சமிருக்கும் நல்ல எண்ணெயில் மேலே ஏறியும் விடும். அங்கே போய்த்தான் நிற்கும்.

இறக்கைக்கு அடியில் சொட்டுகிறது, ஆனால் எண்ணெய் மணமில்லை

நீண்டதூர விமானம் வந்து நின்றவுடன் பயணிகளில் யாராவது ஜன்னலால் காட்டிப் பயப்படுவார்கள், சில நேரம் புதுப்பையன்களும். உயரத்தில் மணிக்கணக்காகக் குளிர்ந்த எண்ணெய் இறக்கைக்குள் இருக்கிறது; நம் ஈரக்காற்று அதில் பட்டதும், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் மாதிரி வியர்க்கிறது. விரலால் தொட்டு முகர்ந்தால் தெரிந்துவிடும். தாங்கியில் எண்ணெய் நிறைய மிச்சமிருந்தால் வெள்ளையாக உறைபனியே படியும், கொழும்பில், வெயிலில்! 2022இல் நாட்டில் எரிபொருள் தட்டுப்பட்டு, விமானங்கள் திரும்பிப் போகவும் சேர்த்து வெளியிலிருந்தே எண்ணெய் கொண்டுவந்தபோது, தாங்கியில் குளிர்ந்த எண்ணெய் அதிகம் மிஞ்சுவது வழக்கமானது.

அடிப்பக்கத்தில் சொட்டுவது தண்ணீர் என்றால் துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். மேற்பக்கத்தில் பனி தெரிந்தால், அல்லது தெரிகிற மாதிரி இருந்தால், எண்ணெய் ஏற்றி முடியுமுன் விமானிக்கோ விமான எஞ்சினியருக்கோ சொல்லிவிடுங்கள். சூடான புது எண்ணெய் ஏறினால் பனி கரையலாம், கரையாமலும் போகலாம். கையால் தடவிப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.